அரை மில்லிமீட்டர் விலகினால் கார் ஆட்டம் போடும்... தெரியுமா?

புது அலாய் வீல் மாட்டியாச்சு. தெருவே திரும்பிப் பார்க்கிறது. பைபாஸில் ஏறி 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் கிடுகிடுவென நடுங்குகிறது! டயர் கடைக்குப் போனால், "பேலன்சிங் பண்ணிரலாம் சார்" என்கிறார்கள். பண்ணியாச்சு, நடுக்கம் போகவில்லை. அலைன்மென்ட்டும் பார்த்தாச்சு. அப்போதும் போகவில்லை. ரிம் கோணலா, டயர் மோசமா, சஸ்பென்ஷன் போச்சா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும்போது, குற்றவாளி பல நேரம் யாரும் பார்க்காத இடத்தில் ஒளிந்திருக்கிறது. சக்கரம், அதை மாட்டும் ஹப்பின் நட்டநடுவில் உட்காரவில்லை! அவ்வளவுதான் விஷயம். அந்த 'அவ்வளவுதான்'-க்குள் எத்தனை ஆச்சரியங்கள் இருக்கின்றன, வாங்க பார்ப்போம்.

ரிம்மின் நடு ஓட்டைக்கும் சைஸ் உண்டு, தெரியுமா?

ரிம் வாங்கும்போது எல்லாரும் கேட்பது இஞ்ச் எவ்வளவு, டிசைன் என்ன, கலர் என்ன என்பதுதான். கொஞ்சம் விவரமானவர்கள் பி.சி.டி. கேட்பார்கள். நட்டு ஏறும் ஸ்டட்கள் எல்லாம் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம் அது. நடு ஓட்டையின் அளவை, அதாவது சென்டர் போரை, யாரும் கேட்பதில்லை!

கார் கம்பெனிகள் அதைக் கழுத்தைப் பிடித்தாற்போல் கச்சிதமாக வைத்திருக்கின்றன. மாருதி ஸ்விஃப்ட்டுக்கும் ஹூண்டாய் ஐ20-க்கும் 54.1 மி.மீ. ஹோண்டா சிட்டிக்கு 56.1. ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 57.1. டொயோட்டா இன்னோவாவுக்கு 60.1. ஃபோர்டு ஃபிகோவுக்கு 63.4. ரெனோ டஸ்டருக்கு 66.1. பாருங்கள், எல்லாவற்றிலும் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை கணக்கு! ஹப்பின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் உருளை விளிம்பு, கம்பெனி ரிம்மின் ஓட்டைக்குள் 'டப்'பென உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நுணுக்கம். அது உட்கார்ந்த கணமே சக்கரம் நடுவுக்கு வந்துவிட்டது. நட்டு பூட்டுவது அதற்குப் பிறகுதான்.

ஒரே ரிம் பத்துப் பதினைந்து காருக்கு எப்படிப் பொருந்துகிறது?

அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்! வெளிமார்க்கெட் ரிம் தயாரிப்பவர் ஒவ்வொரு காருக்கும் தனித்தனி அச்சு போட்டால் கட்டுப்படியாகாது. அதனால் நடு ஓட்டையைப் பெரிதாகவே வைத்துவிடுகிறார். 67.1, 73.1 என்பவை சந்தையில் அடிக்கடி தட்டுப்படும் அளவுகள். பெரிய ஓட்டை எந்தச் சின்ன ஹப்பிலும் ஏறிவிடும் அல்லவா? போதாததற்கு 4 ஸ்டட் காருக்கான ரிம்மில் 8 துளை போட்டு, 100 பி.சி.டி.க்கும் ஆச்சு, 108-க்கும் ஆச்சு என்று விற்கிறார்கள்.

இப்போது 73.1 ஓட்டை உள்ள ரிம்மை ஸ்விஃப்ட்டின் 54.1 ஹப்பில் மாட்டுங்கள். சுற்றிலும் 9.5 மி.மீ. வெறும் காற்று! ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். கம்பெனி அவ்வளவு கவனமாகச் செய்துவைத்த நடு விளிம்பு எதையும் தொடாமல் சும்மா நிற்கிறது.

அந்த இடைவெளியை அடைக்க ஒரு வளையம் உண்டு, தெரியுமா?

அதன் பெயர் ஹப் ரிங். வெளிவிட்டம் ரிம்முக்குச் சரியாக, உள்விட்டம் ஹப்புக்குச் சரியாக. 73.1-க்கு 54.1 என்று இரண்டு எண் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். நான்கு சக்கரத்துக்கு நான்கு வளையம். ரிம் செட்டின் விலையோடு வைத்துப் பார்த்தால் இதன் விலை காசே இல்லை! ஆனால் பல கடைகளில் கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். சில இடங்களில் கேட்டாலும், "நட்டே நடுவுல இழுத்துரும் தம்பி, ரிங் எல்லாம் எதுக்கு?" என்பார்கள். சரியான அளவு கிடைக்காவிட்டால் நல்ல லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து வாங்கலாம். வெர்னியரில் ஹப்பையும் ரிம்மையும் அளந்து கொடுத்தால் போதும்.

பிளாஸ்டிக்கா, அலுமினியமா என்று ஒரு சண்டை எப்போதும் உண்டு. "பிளாஸ்டிக் காரோட வெயிட்டைத் தாங்குமா?" என்று பயப்படுபவர்களுக்கு அடுத்த ஆச்சரியம் காத்திருக்கிறது.

காரைத் தாங்குவது வளையமும் இல்லை, ஸ்டட்டும் இல்லை!

நம்ப முடிகிறதா? ஒழுங்காக முறுக்கிய நட்டு, ஸ்டட்டை நுண்ணிய அளவில் இழுத்து நீட்டுகிறது. நீண்ட இரும்பு பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்பு ரிம்மை ஹப்பின் முகத்தோடு சேர்த்து நெரிக்கிறது. எவ்வளவு விசையோடு தெரியுமா? 12 மி.மீ. ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுத்தால், பொறியாளர்கள் போடும் தோராயக் கணக்கின்படி ஒரு ஸ்டட்டுக்குச் சுமார் 4 டன்! நான்கு ஸ்டட்டுக்கு 16, 17 டன். ஒரு சின்ன காரின் ஒரு சக்கரத்தில் ஆள், பெட்டி எல்லாம் சேர்த்து 300, 350 கிலோதான் இறங்கும். 17 டன் நெரிப்பில் எழும் உராய்வு மட்டுமே அதைப் போல் பல மடங்கைத் தாங்கும்.

ஆக, சக்கரம் ஸ்டட்டில் 'தொங்குவதே' இல்லை. ஹப் முகத்தோடு உராய்வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வளையத்தின் வேலை, நட்டு முறுக்கி முடியும் வரை சக்கரத்தை நடுவில் பிடித்துவைப்பது. அதனால்தான் நல்ல பிளாஸ்டிக் வளையமும் தாராளமாகப் போதும். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, ஹப்போடு கவ்விக்கொள்ளாது. அலுமினிய வளையம் பிரேக் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் மழைத் தண்ணீரில் இரும்பு ஹப்போடு அரிப்பு ஏற்பட்டு இறுகிவிடலாம். இரண்டிலும் நல்லதும் உண்டு, தொல்லையும் உண்டு.

அரை மில்லிமீட்டர் விலகல், 42 கிராம் தப்பு!

இதுதான் தலையைச் சுற்றவைக்கும் கணக்கு. 15 இஞ்ச் அலாய், டயரோடு சேர்ந்து 16 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது நடுவிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ரிம் விளிம்பில் 42 கிராம் வெயிட்டை ஒட்டாமல் விட்டதற்குச் சமம். பேலன்சிங் கடையில் 5 கிராம் 5 கிராமாகப் பார்த்துப் பார்த்து ஒட்டுகிறார்களே, அந்த 5 கிராமுக்கு ஈடான விலகல் எவ்வளவு தெரியுமா? 0.06 மி.மீ! ஜெராக்ஸ் பேப்பர் ஒன்றின் தடிமனைவிடக் குறைவு!

100 கி.மீ. வேகத்தில் 185/65 ஆர்15 டயர் நொடிக்கு 14 முறை சுற்றுகிறது. அரை மில்லிமீட்டர் விலகல் அந்த வேகத்தில் ஏறக்குறைய 6.5 கிலோ எடைக்குச் சமமான விசையாக மாறி, நொடிக்கு 14 தடவை சக்கரத்தைக் குலுக்குகிறது. சென்னையிலிருந்து மதுரை வரை சுமார் 460 கிலோமீட்டர். அதற்குள் சக்கரம் 2 லட்சத்து 35 ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குலுக்கல்! அதை வாங்கிக்கொள்வது வீல் பேரிங்கும், பால் ஜாயின்ட்டும், உங்கள் தோள்பட்டையும்.

வேகம் பாதியானால் குலுக்கல் பாதியாகாது. கால்வாசியாகிவிடும்! ஏனென்றால் இந்த விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. ஊருக்குள் 50-ல் ஓட்டும்போது ஒன்றுமே தெரியாமல், பைபாஸில் மட்டும் பேய் பிடிப்பதன் ரகசியம் பாதி இதுதான்.

மீதிப் பாதி ரகசியம்: 80-லிருந்து 100 வரை மட்டும் ஏன்?

ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் இடையில் துள்ளும் சக்கரத்துக்கு என்று சொந்தமாக ஓர் ஆட்டக் கணக்கு உண்டு. சாதாரண கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 துள்ளல். இப்போது டயரின் சுற்றுக் கணக்கைப் பாருங்கள். 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 11 சுற்று. 100-ல் 14 சுற்று. இரண்டும் ஒன்றாகச் சேர்கிறதா? ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளினால் உயர உயரப் போகுமே, அதே சங்கதி. சில கார்களில் 120-ஐத் தாண்டினால் நடுக்கம் குறைந்ததுபோல் தோன்றுவதற்கும் இதுவே காரணம். குலுக்கும் விசை கூடத்தான் செய்கிறது. தாளம் தப்பிவிட்டதால் உங்கள் கைக்கு உறைப்பதில்லை. 'வேகமாகப் போனால் சரியாகிவிடுகிறது' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்!

மெஷினில் பாஸ், ரோட்டில் ஃபெயில்!

பேலன்சிங் மெஷினை ஒருமுறை கிட்டே நின்று பாருங்கள். தண்டில் ரிம்மைக் கோத்ததும் ஒரு கூம்பை உள்ளே தள்ளி, கைப்பிடி நட்டைச் சுழற்றி இறுக்குவார்கள். கூம்பு போய் உட்காரும் இடம் எது? ரிம்மின் நடு ஓட்டை! அதாவது மெஷினில் சக்கரம் நடு ஓட்டையை வைத்து மையம் பிடிக்கிறது. திரையில் இரண்டு பக்கமும் பூஜ்யம், பூஜ்யம் என்று காட்டுகிறது. பார்க்கவே திருப்தி.

அதே சக்கரத்தை வளையம் இல்லாமல் காரில் மாட்டும்போது நடு ஓட்டை எதையும் தொடுவதில்லை. நட்டுகளை வைத்து மட்டும் மையம் பிடிக்கிறது. மெஷினில் ஒரு மையம், காரில் இன்னொரு மையம்! பத்து முறை பேலன்சிங் செய்தாலும் பத்து முறையும் பூஜ்யம்தான் காட்டும், பத்து முறையும் ஸ்டியரிங் நடுங்கும். மெஷின் பொய் சொல்லவில்லை. நாம்தான் வேறு கேள்வி கேட்கிறோம்.

இன்னொரு அநியாயம் கேளுங்கள். விலகி உட்கார்ந்த சக்கரத்தில் எடை மட்டும் தப்பாவதில்லை, டயரின் வட்டமும் தப்பாகிவிடும். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் மேடு, எதிர்ப் பக்கம் அரை மில்லிமீட்டர் பள்ளம். ஒவ்வொரு சுற்றிலும் கார் ஏறி இறங்குகிறது. எத்தனை ஈயக்கட்டி ஒட்டினாலும் மேடு மேடுதான்!

நட்டுக்கும் முகம் உண்டு, தெரியுமா?

நட்டைக் கழற்றி அதன் அடிப்பாகத்தைப் பாருங்கள். மூன்று ஜாதி. கூம்பு முகம், உருண்டை முகம், தட்டை முகம். வெளிமார்க்கெட் ரிம்களில் பெரும்பாலானவை 60 டிகிரி கூம்புக்குக் குடையப்பட்டவை. ஆனால் ஹோண்டாவின் கம்பெனி ரிம்களுக்கு உருண்டை முகம். ஃபோக்ஸ்வாகனின் போல்ட்டுக்கும் உருண்டை முகம்தான். டொயோட்டாவின் பல கம்பெனி அலாய்களில் வாஷரோடு கூடிய தட்டை முகம்.

தட்டை முக நட்டு சக்கரத்தை நடுவுக்கு இழுக்கவே இழுக்காது! மையம் பிடிக்கும் முழுப்பொறுப்பும் ஹப் விளிம்புக்கு. கூம்பு நட்டு இழுக்கும். ஸ்டட் 12 மி.மீ., ரிம் துளை அதைவிடப் பெரிது. அந்த விளையாட்டு இடத்துக்குள் கூம்பு இறங்க இறங்க, துளை ஸ்டட்டைச் சுற்றிச் சமமாக வந்து நிற்கிறது. அதனால் 'வளையம் இல்லாமல் மாட்டவே கூடாது' என்பது சட்டமில்லை. நல்ல கூம்பு நட்டும் பொறுமையான கையும் இருந்தால் வளையமின்றியும் சக்கரம் நடுவில் உட்காரும். வளையம் இருந்தால் அந்தப் பொறுமைக்கு ஒரு காவல், அவ்வளவே.

ஆனால் உருண்டைக் குழியில் கூம்பு நட்டைப் போட்டால் கதை கந்தல்! மெல்லிய கோடு ஒன்றில் மட்டும்தான் இரும்பு படும். அது நசுங்கி நசுங்கி இறுக்கம் குறையும். நட்டு கழன்று வரும் நாள் தொலைவில் இல்லை.

ஏர் கன் செய்யும் கொலை!

கடையில் நடப்பதைக் கவனியுங்கள். சக்கரத்தைக் காலால் முட்டுக்கொடுத்து நிறுத்தி, கைக்கு எட்டிய நட்டை ஸ்டட்டில் வைத்து, 'டர்ர்ர்ர்' என்று ஒரே அடி. முதல் நட்டு முழு இறுக்கம்! அந்த நொடியில் சக்கரம் எங்கே இருந்ததோ, அங்கேயே சிறைபட்டுவிட்டது. ஹப்பில் தொங்கும் சக்கரம் தன் எடையால் கொஞ்சம் கீழே இறங்கித்தான் நிற்கும். அந்த நிலையிலேயே பூட்டியாகிவிட்டது. பிறகு வரும் மூன்று நட்டும் எவ்வளவு முக்கினாலும், 4 டன் பிடியில் இருப்பதை நகர்த்த முடியாது.

சரியான முறை என்ன? கார் ஜாக்கியில் நிற்கும்போதே எல்லா நட்டையும் கையால் சுழற்றி, கூம்பு குழியில் படும்வரை கொண்டுவர வேண்டும். சக்கரத்தை லேசாக ஆட்டிக்கொண்டே ஸ்பேனரில் மிதமாக இறுக்க வேண்டும். ஒன்று முடித்ததும் பக்கத்தில் உள்ளதற்கு அல்ல, எதிரில் உள்ளதற்குத் தாவ வேண்டும். ஐந்து நட்டு என்றால் நட்சத்திரம் வரையும் வரிசை. பிறகு டயர் தரையைத் தொடும் அளவுக்கு இறக்கி, டார்க் ரெஞ்சில் இரண்டு மூன்று கட்டமாக முழு அளவுக்கு. இறுக்காத சக்கரத்தில் காரின் முழு எடையையும் இறக்கிவிட்டு அப்புறம் முறுக்கினால், எடையே சக்கரத்தை நடுவிலிருந்து தள்ளிவிடும்!

முறுக்கியதில் 10 சதவீதம்தான் உருப்படி!

டார்க் ரெஞ்சில் நீங்கள் போடும் பலத்தில் ஸ்டட்டை இழுக்கப் பயன்படுவது சுமார் பத்தில் ஒரு பங்கு. பாதி நட்டின் முகத்து உராய்வுக்கும், 40 சதவீதம் மரையின் உராய்வுக்கும் போய்விடுகிறது. இதில் என்ன ஆச்சரியம்? 'துருப்பிடிக்காமல் இருக்கட்டும்' என்று மரையில் கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து, அதே முறுக்கில் ஸ்டட் மிதமிஞ்சி இழுபடும்! உலர்ந்த மரைக்கு என்றுதான் பெரும்பாலான கம்பெனிகள் அளவு கொடுக்கின்றன. டொயோட்டாவின் பல கார்களுக்கு 103 நியூட்டன் மீட்டர், ஹோண்டாவின் பல கார்களுக்கு 108, ஃபோக்ஸ்வாகனில் பெரும்பாலும் 120. உங்கள் காருக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கிறது.

புது ரிம்மின் பெயின்ட் அமுங்கி இறுக்கம் தளரக்கூடும். அதனால் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிட வேண்டும். இறுக்கம் குறைந்த இணைப்பைப் பக்கவாட்டில் குலுக்கினால் நட்டு தானாகவே சுழன்று கழலும் என்பதைச் சோதனைக் கருவி வைத்துக் காட்டியவர் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர். 1969-லேயே!

ஒரு பொட்டுத் துரு, டயரில் ஒரு மில்லிமீட்டர்!

வளையம் உண்டு, நட்டு சரி, முறுக்கும் சரி. ஆனாலும் ஆட்டமா? ஹப்பின் முகத்தைப் பாருங்கள். 140 மி.மீ. அகல ஹப் முகத்தின் ஓர் ஓரத்தில் 0.2 மி.மீ. துருச் செதில் சிக்கினால், சக்கரம் சாய்ந்து உட்காரும். அந்தச் சாய்வு 620 மி.மீ. உயர டயரின் விளிம்புக்குப் போகும்போது ஏறக்குறைய 0.9 மி.மீ. ஆகப் பெருகிவிடும்! இது மேலும் கீழுமான ஆட்டமல்ல, பக்கவாட்டு ஆட்டம். மருந்து என்ன? ஒரு கம்பி பிரஷ், ஐந்து நிமிஷம். கடலோர ஊர்க்காரர்கள் இதைத் தவறவே விடக்கூடாது.

மாருதி 800-க்கும் இன்னோவாவுக்கும் ஒரே எண்!

ஸ்டட் வட்டத்தின் கணக்கில் வேடிக்கை ஒன்று. குட்டி மாருதி 800-ன் பி.சி.டி. 114.3. பெரிய இன்னோவாவின் பி.சி.டி.யும் 114.3! ஸ்டட்தான் அங்கே 4, இங்கே 5. அது என்ன 114.3? நாலரை இஞ்ச்! மெட்ரிக்கில் பேசும் ஜப்பான் கார்களுக்குள் இஞ்ச் ஒளிந்திருக்கிறது. ஜீப் வகை வண்டிகளில் வரும் 139.7-ம் அப்படித்தான், ஐந்தரை இஞ்ச். இன்னும் கேளுங்கள். மின்சாரக் கார் டெஸ்லா மாடல் 3-க்கு 5×114.3, நடு ஓட்டை 64.1. ஹோண்டா சிவிக்குக்கும் அச்சு அசலாக அதே அளவுகள்!

5 ஸ்டட் காரில் எதிரெதிர் ஸ்டட் கிடையாதே, எப்படி அளப்பது? பக்கத்துப் பக்கத்து ஸ்டட்களின் நடுவிலிருந்து நடு வரை அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். 67.2 வந்தால் 114.3. 58.8 வந்தால் 100. முடிந்தது கணக்கு!

இந்தக் கணக்கில் ஃபியட்காரர்கள் பட்ட பாடு தனி. புன்ட்டோ, லீனியாவுக்கு 4×98. சந்தையில் கொட்டிக் கிடப்பதோ 4×100. '2 மில்லிமீட்டர்தானே' என்று சாதாரண போல்ட்டை முறுக்கினால் கூம்புகள் ஓரமாகக் கடித்துக்கொண்டு நிற்கும். முறுக்கு ஏறும், பிடிப்பு ஏறாது. அதற்கென்றே கூம்பு மட்டும் தனியாக நகரும் போல்ட் வந்தது. ஆனால் நகரும் கூம்பு எப்படி மையம் பிடிக்கும்? பிடிக்காது! அங்கே ஹப் வளையம் கட்டாயம்.

3 நட்டு, 1 நட்டு!

டாடா நானோவுக்குச் சக்கரத்துக்கு 3 நட்டுதான். ரெனோ க்விட்டும் 3 நட்டோடுதான் வந்தது. பிரான்சின் சிட்ரோயன் 2சிவி பல பத்தாண்டுகள் 3 நட்டில் ஓடியது. ஒரு வட்டத்தைத் தீர்மானிக்க மூன்று புள்ளி போதும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே!

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இன்னும் விசித்திரம். 1960-களின் பிற்பகுதி வரை அதன் ஸ்டட் வட்டம் 205 மி.மீ.! சக்கரத்தின் நடுவில் பெரிய ஓட்டை, பிடிப்பதற்கு விளிம்பே இல்லை. 5 போல்ட்டுகள்தான் மையம் பிடித்தன. சாலைகளில் ஓடும் கனரக லாரிகளோ எதிர்த் திசையில் பயணித்தன. ஸ்டட்டை நம்பி மையம் பிடித்தவை, ஹப்பை நம்பி மையம் பிடிக்கும் முறைக்கு மாறின. 10 ஸ்டட், 335 மி.மீ. வட்டம், 281 மி.மீ. நடு ஓட்டை என்பது இன்று ஐரோப்பிய லாரிகளில் பரவலான அளவு.

ஃபார்முலா 1-ல் ஒரே ஒரு நட்டு! 2023-ல் கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் அணி லாண்டோ நாரிஸின் நான்கு சக்கரத்தையும் 1.80 நொடியில் மாற்றியது. கண்ணை இமைத்தால் காட்சி போச்சு! அந்த ஒரே நட்டு சொதப்பினால்? 2021 மொனாக்கோவில் மெர்சிடஸின் வால்டேரி போட்டாஸுக்கு அதுதான் நடந்தது. கன் சரியாகக் கவ்வாமல் நட்டின் பிடியே மழுங்கிப்போய், சக்கரம் கழலவே இல்லை. பந்தயம் அங்கேயே முடிந்தது. அந்தச் சக்கரம் கழன்றது இரண்டு நாள் கழித்து, இங்கிலாந்திலுள்ள தொழிற்சாலையில்!

ஸ்டெப்னி வைக்கும் பொறி!

கடைசி ஆச்சரியம், ஆனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. நான்கு அலாய் வீல் மாட்டினீர்கள், ஸ்டெப்னி பழைய கம்பெனி இரும்புச் சக்கரமாகவே இருக்கிறது. நடுராத்திரி பஞ்சர். அலாயைக் கழற்றி ஸ்டெப்னியைத் தூக்கி வைத்தால் ஏறவே மாட்டேன் என்கிறது! ஏன்? ஹப் ரிங் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டெப்னியின் ஓட்டை 54.1, வளையத்தின் வெளிவிட்டம் 73.1. எப்படி ஏறும்? ஸ்க்ரூடிரைவரால் நெம்பி வளையத்தை எடுத்தால்தான் வழி பிறக்கும்.

ஹோண்டாக்காரர்களுக்கு இன்னொரு சோதனை. அலாய்க்காக வாங்கிய கூம்பு நட்டு, உருண்டைக் குழி உள்ள ஸ்டெப்னிக்கு ஆகாது. பழைய கம்பெனி நட்டுகள் டிக்கியில் இருந்தால் பிழைத்தீர்கள். பழைய இரும்புக்காரரிடம் போட்டிருந்தால்?

அடுத்த முறை வீல் கடைக்குப் போகும்போது இவ்வளவையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நான்கே கேள்வி கேளுங்கள். "அண்ணே, ரிம்மோட சென்டர் போர் எவ்வளவு? என் காருக்கு ஹப் ரிங் இருக்கா? நட்டு முகம் ரிம்முக்குச் சேருதா? கடைசி இறுக்கு டார்க் ரெஞ்ச்லதானே?" கூடவே ஹப்பைத் துடைக்கச் சொல்லுங்கள், கன்னைக் கொஞ்ச நேரம் கீழே வைக்கச் சொல்லுங்கள். இதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் கடை நல்ல கடை. முகம் சுளித்தால் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள், ஊரில் கடைக்கா பஞ்சம்? ஏற்கெனவே அலாய் மாட்டிவிட்டவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு சக்கரத்தைக் கழற்றி, உள்ளே வளையம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய நட்டுகளை ஒரு துணிப்பையில் கட்டி, மறக்காமல் டிக்கியில் போட்டு வையுங்கள்!